முப்பது மில்லி

என் மகள் பிறந்த நான்காம் நாள் அவளை எடை மெஷினில் படுக்க வைத்தார்கள். நர்ஸ் எண்ணைப் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கி, மெஷினை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மறுபடி படுக்க வைத்தாள். அதே எண்தான் வந்தது. பிறந்தபோது இரண்டரைக் கிலோ, இப்போது இரண்டு கிலோ இருநூறு. "முதல்ல கொஞ்சம் குறையத்தானே செய்யும்?" என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். போனில் படித்து வைத்திருந்தேன். நர்ஸ் அட்டையில் எழுதி, அடியில் ஒரு கோடு போட்டாள்.

டாக்டர் ஒரு பெண்மணி. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். பிள்ளையின் நெஞ்சை விரலால் அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் மஞ்சளாகத் தெரிந்தது.

"பால் பத்தலம்மா. மாசம் முடியறதுக்கு முன்னாடி பிறந்த குழந்தை, உறிஞ்சத் தெம்பு இல்ல, பாதியில தூங்கிடுது. ஒவ்வொரு தடவை நீங்க கொடுத்து முடிச்ச உடனே மேல முப்பது மில்லி கொடுத்தாகணும். உங்க பாலையே பம்ப் பண்ணிக் கொடுங்க. அது பத்தலன்னா பவுடர் பால். வீட்டுல பால் கொடுக்கிற வேற தாய் யாராவது இருக்காங்களா?"

என் பக்கத்தில் என் நாத்தனார், அதாவது என் கணவரின் அக்கா, நான்கு மாத மகனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். "நான் கீறேன் டாக்டர்," என்றார், பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டதும் சொல்கிற மாதிரி.

"உங்க பிரசவ டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கொண்டு வந்து காட்டுங்க. சரியா இருந்தா தாராளமாக் கொடுக்கலாம்," என்று அவரிடம் சொல்லிவிட்டு டாக்டர் என் பக்கம் திரும்பினார். "மஞ்சள் நெஞ்சு வரைக்கும் வந்திருக்கு. நீல லைட்டுல வைக்கிற அளவுக்கு இன்னும் போகல, ஆனா கிட்ட வந்துடுச்சு. பால் உள்ள போனாத்தான் மஞ்சள் வெளிய வரும். நாளைக்கு சனிக்கிழமை, கண்டிப்பா வாங்க. எடையும் பாக்கணும், ரத்தமும் பாக்கணும்."

இதைவிடத் தெளிவாக ஒரு டாக்டர் சொல்ல முடியாது. எனக்குப் புரியவில்லை என்று இன்றைக்கு நான் சாக்குச் சொல்ல வழியே இல்லை. நாத்தனார் அன்று மாலையே பூந்தமல்லியில் தன் வீட்டுக்குப் போய் ரிப்போர்ட்டை எடுத்து வந்து காட்டினார். எல்லாம் சரியாக இருந்தது.

நான் கோபக்காரி. ஆபீஸில் என்னிடம் பேச வருகிறவர்கள் முதலில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில், மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பது என் வேலை. சொந்த ஊர் வேலூர் பக்கம். நான் காலேஜ் படிக்கும்போதே அம்மா போய்விட்டாள். தலைப் பிரசவத்துக்குப் போய் உட்கார எனக்குத் தாய் வீடு என்று ஒன்று இல்லை. அத்தா, என் அப்பா, இருக்கிறார், ஆனால் அத்தாவுக்குச் சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாது. அதனால் மேனாம்பேட்டில் நாங்கள் குடியிருந்த மூன்றாம் மாடி பிளாட்டிலேயே பிள்ளை பெற்ற உடம்போடு வந்து படுத்தேன். என்னைப் பார்த்துக்கொள்ளத்தான் நாத்தனார், கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஒரு பையில் நாலு நைட்டியோடு வந்து இறங்கினார். அவர் கணவர் கத்தாரில் டிரைவர். "ஊட்ல நான் ஒண்டியாத்தானே கீறேன். அங்க கெடக்கறது இங்க கெடக்கறேன்," என்றார்.

அவரை எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லிவிடுகிறேன். கெட்டவர் என்றால் பிடிக்காமல் போவது சுலபம். அவர் நல்லவர், அதுதான் தொல்லை. காலையில் எழுவதற்குள் சமையலறை துடைத்திருக்கும். பால் ஊறட்டும் என்று சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு என்று வகை வகையாகச் செய்து வைப்பார். என் மகள் என் கையில் இருந்தால் வீல் வீல் என்று கத்துவாள், அவர் வாங்கினால் கப்பென்று அடங்கிவிடுவாள். அவர் மகனோ கொழுக்கட்டை மாதிரி இருந்தான். ஒரு பக்கம் குடிப்பான், மறுபக்கம் பால் தானாக வழிந்து நைட்டி நனையும். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே துண்டை மடித்து வைத்துக்கொள்வார். எனக்கு அந்தத் துண்டைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததும் அவர் மருந்துக் கடையில் கையால் அமுக்குகிற பம்ப் ஒன்றும், கோடு போட்ட பாட்டில் ஒன்றும், ஒரு டப்பா பவுடர் பாலும் வாங்கி வந்தார். அவர் என்றால் என் கணவர். நல்ல கத்திரி வெயில். ஃபேனை நிறுத்தினால் வேர்வை, போட்டால் அனல். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் அமுக்கினேன். காம்பு புண்ணாகி எரிந்தது. பாட்டிலைத் தூக்கிப் பார்த்தால் பத்து மில்லி. அதுவும் பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தால்தான் பத்து.

பவுடர் பாலைக் கலந்து ஒரு தடவை கொடுத்தேன். பிள்ளை குடித்த சூட்டில் மெத்தை முழுக்கக் கக்கிவிட்டாள். அதோடு டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிட்டேன். எந்தப் பிள்ளையும் ஒரு தடவை கக்கும், மறுபடி முயற்சி செய்ய வேண்டும், அது எனக்குத் தெரியாததா? ஆனால் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கென்று ஒரு போன் குழு இருந்தது, அதில் நான் ஆறு மாதமாக விழுந்து கிடந்தேன். பவுடர் பால் தோற்றவர்களுக்கு என்று அங்கே ஒருத்தி எழுதியிருந்தாள். பிள்ளை கக்கியபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. பார்த்தாயா, என் பால்தான் அவளுக்கு ஒத்துக்கொள்ளும் என்று.

அன்று சாயங்காலம், ரிப்போர்ட்டைக் காட்டிவிட்டு வந்த நாத்தனார் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். கையில் ஒரு எவர்சில்வர் கிண்ணம். பம்ப் கிம்ப் எதுவும் இல்லை, கையாலேயே பிழிந்திருக்கிறார். கிண்ணம் பாதிக்கு மேல் இருந்தது. கெட்டியாக, லேசான மஞ்சளாக, மேலே நுரையோடு.

"சூடாக் கீதுமா. பாட்டில்ல ஊத்தவா? நல்லா ஒரு வயிறு குடிச்சுட்டுத் தூங்கட்டும் பாவம்."

பக்கத்துக்கு இருபது நிமிடம் ரத்தம் கட்ட அமுக்கி எனக்கு வந்தது பத்து மில்லி. அவர் அடுப்பில் குழம்பு கொதிக்கும் நேரத்தில் ஒரு கிண்ணம் பிழிந்துகொண்டு வந்து நிற்கிறார். என் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறார், தூங்க வைக்கிறார், இனிமேல் பாலும் அவருடையது. அப்புறம் நான் எதற்கு? அந்தக் கிண்ணத்தைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது. தட்டிவிட்டிருந்தாலாவது சண்டை வந்திருக்கும், அவர் தம்பி வந்து விலக்கியிருப்பார், கடைசியில் பிள்ளை அந்தப் பாலைக் குடித்திருப்பாள். நான் அப்படிச் செய்யவில்லை. எனக்குப் புத்தி வேறு மாதிரி வேலை செய்தது.

முஸ்லிம்களான எங்களில் ஒரு விதி உண்டு. ஒரு தாயிடம் பால் குடித்த பிள்ளைகள் உடன்பிறந்தவர்களுக்குச் சமம். வயிறு வேறாக இருந்தாலும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்ள முடியாது. பிழிந்து பாட்டிலில் கொடுத்தாலும் அப்படித்தான் என்று எங்கள் குடும்பத்தில் சொல்வார்கள். அந்த விதி பால் கொடுப்பதைத் தடுக்கவில்லை. கொடு, கொடுத்ததை நாலு பேருக்குச் சொல்லி வை, பின்னால் கல்யாணப் பேச்சு எடுக்காதே, அவ்வளவுதான். என் மகளுக்கு நாத்தனார் மகன் முறைப்பையன். ஆஸ்பத்திரியில் பிள்ளையை முதலில் கையில் வாங்கியபோது, எல்லா அத்தைமாரும் சொல்வது போல அவரும் "என் மருமவ வந்துட்டா, மாஷா அல்லாஹ்," என்று சொல்லிச் சிரித்திருந்தார்.

"அக்கா, நில்லுங்க," என்றேன். "இதக் குடிச்சா ரெண்டும் அண்ணன் தங்கச்சி ஆயிடுமே."

"ஆனா இன்னா? ஆயிட்டுப் போவட்டும்."

"மருமவன்னு சொன்னீங்களே அன்னிக்கு?"

"அது சும்மா வாய்க்கு வந்ததச் சொன்னேன்மா. நீ அத மனசுல வெச்சிகினியா?"

"நான் ஆசையா வெச்சிருக்கேன்கா. உங்க தம்பியும்தான்."

அவர் தம்பி அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. நானும் அதுவரை அப்படி நினைத்ததில்லை. நான்கு நாள் பிள்ளைக்குக் கல்யாணம் பேசுகிறவர்களை வாயாரத் திட்டுகிறவள் நான். ஆனால் நாத்தனார் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர், டிரைவர் பெண்டாட்டி, பெரிய கம்பெனியில் வேலை செய்கிற தம்பி மனைவி தன் மகனை வேண்டும் என்கிறாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீ படிச்ச பொண்ணு, பெரிய எடமாப் பாப்பேன்னு நெனச்சேன். இவ்ளோ தூரம் யோசிச்சு வெச்சிகினு கீறியா?" கிண்ணத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். பிறகு கேட்டார், "அப்ப கொழந்தைக்கு இன்னா பண்றது?"

"எனக்கு ஊறிடும்கா. பவுடரும் இருக்கு."

அவர் என் மகளைப் பார்த்தார். அப்புறம் போனார். சமையலறையில் குழாய்ச் சத்தம் கேட்டது.

என் கணவர் கணக்கில் கெட்டிக்காரர். டாக்டர் முப்பது என்றால் முப்பது. ஒவ்வொரு தடவையும் வந்து "முப்பது ஆச்சா?" என்று கேட்டுவிட்டு, பாட்டிலை வாங்கி, கோட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். முதல் தடவை பத்து இருந்தது, முகம் சுருங்கியது. "அக்காகிட்ட கேக்கலாமே?" என்றார். "கேட்டாச்சு, அதெல்லாம் பெரியவங்க பேச்சு, பின்னால வம்பு," என்று வாயை அடைத்தேன். இரண்டாவது தடவை பன்னிரண்டு. "பவுடர கலந்துடேன்," என்றார். மூன்றாவது தடவை அவர் கேட்பதற்குள் பிளாஸ்கில் ஆறவைத்திருந்த வெந்நீரை ஊற்றினேன். முப்பதாவது கோட்டைத் தொடும் வரை ஊற்றினேன். பால் பத்து, தண்ணீர் இருபது.

ஏன் ஊற்றினேன் என்றால், இந்த வெயிலுக்குப் பிள்ளைக்கும் தொண்டை காயாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கத்திரியில் கைப்பிள்ளைக்கு இரண்டு மடக்குத் தண்ணீர் புகட்டாத வீடு எங்கள் தெருவில் உண்டா? கீழ் வீட்டுக்காரம்மாகூட "தண்ணி காட்டினியா பாப்பாக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார். ஆனால் உண்மையான காரணம் அது இல்லை. கோடு. எனக்கு அந்தக் கோடு வேண்டியிருந்தது.

அவர் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தார். "வந்துடுச்சே!" என்று சிரித்தார். "கொஞ்சம் தண்ணியா இருக்கு?"

"முதல் பால் அப்படித்தான் இருக்கும்," என்றேன்.

அதைவிடக் கொடுமை, பிள்ளை அதைக் குடித்தாள். என்னிடம் இரண்டு இழுப்பில் களைத்துத் தூங்குகிறவள், பாட்டிலில் மளமளவென்று குடித்தாள். குடித்துவிட்டு அசையாமல் தூங்கினாள். துணி மாற்றி மாளவில்லை, எட்டு தடவை நனைத்தாள். துணி நனைந்தால் பால் போதும் என்று அர்த்தம், கவலைப்படாதீர்கள் என்று அந்தக் குழுவில் எழுதியிருந்தது. நான் நனைந்த துணிகளை எண்ணினேன். தண்ணீரைக் குடித்தால் தண்ணீர்தான் போகும் என்று ஒரு கழுதைக்குக்கூடத் தெரிந்திருக்கும். தப்புக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிற எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை அவர் வண்டிச் சாவியை எடுத்தபோது, நான் போக வேண்டாம் என்றேன். "நல்லாத்தானே குடிக்கிறா? அங்க போனா மறுபடி ஊசி குத்தி ரத்தம் எடுப்பாங்க. மஞ்சள் வெயில்ல காட்டினா போயிடும்." திங்கட்கிழமை ஏழாம் நாள். முடி இறக்கிப் பெயர் வைக்க அத்தாவும், வேலூரிலிருந்து சொந்தக்காரர்களும் வருவதாக இருந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் போகலாம் என்றேன். உண்மையில் எனக்கு அந்த எடை மெஷினை நினைத்தால் பயமாக இருந்தது. பரீட்சை முடிவு மாதிரி அதில் ஒரு எண் வரும், அந்த எண் நான் தாயா இல்லையா என்று சொல்லும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது என் எடை இல்லை, அவள் எடை என்று தோன்றவே இல்லை.

சனி, ஞாயிறு இரண்டு காலையும் பால்கனியில் ஏழு மணி வெயிலில் அவளைக் கிடத்தினேன். அந்த வெளிச்சத்தில் என்ன நிறம் தெரியும்? எல்லாமே மஞ்சளாகத்தான் இருந்தது. நாத்தனார் துணி காயப்போட வந்தவர், குனிந்து பிள்ளையின் கண்ணைப் பார்த்தார். "கண்ணுலாம் மஞ்சக் கலரா கீதேமா," என்றார். "வெயில்கா," என்றேன். அவர் இன்னொரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, கிளிப்பை எடுத்து மாட்டினார்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பால் கொடுக்க எழுப்பினேன். அவள் எழவில்லை. உள்ளங்காலைச் சுண்டினேன், ஈரத் துணியால் முகத்தைத் துடைத்தேன். கை துவண்டு விழுந்தது. பாட்டிலை வாயில் வைத்தால் கடைவாய் வழியாக வழிந்தது. அப்புறம் ஒரு அழுகை அழுதாள். பிள்ளை அழுகிற அழுகை இல்லை அது. மெல்லிசாக, கீச்சென்று, முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு. அடுத்த அறையிலிருந்து நாத்தனார் ஓடி வந்தார். அவருக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது. "டேய், வண்டி எடுறா!" என்று அவர் தம்பியைப் பார்த்துக் கத்திய சத்தத்தில் அவர் மகன் எழுந்து அலறினான்.

ஆட்டோவில்தான் போனோம். தொழிற்பேட்டையில் ஷிப்ட் மாறும் நேரம். கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நின்றன. ஆட்டோக்காரர் எதிர்ப்பக்கம் ஏறி, திட்டு வாங்கிக்கொண்டே ஓட்டினார். நான் அவள் மூக்கின் முன்னால் விரலை வைத்துக்கொண்டே இருந்தேன். என்னென்ன வேண்டிக்கொண்டேன் என்று இப்போது நினைவில்லை. நாத்தனார் ஒரு கையில் தன் மகனையும் மறுகையில் என் தோளையும் பிடித்திருந்தார்.

எடை இரண்டு கிலோ ஐம்பது. மஞ்சள் எவ்வளவு என்று டாக்டர் எண்ணைச் சொல்லவில்லை. உடம்பு ரத்தம் முழுவதையும் மாற்ற வேண்டும், உடனே, என்றார். என் கணவர் ரத்தத்துக்காக ஓடினார். டாக்டர் என்னைத் தனியாக நிறுத்திவைத்து, கையில் ஒரு காகிதத்தோடு கேட்டார்.

"ரத்தத்துல உப்பு அளவு ரொம்பக் கொறஞ்சிருக்கு. தண்ணி ஏதாவது கொடுத்தீங்களா?"

"கொஞ்சம்."

"எவ்வளவு? எனக்குச் சரியாத் தெரியணும்."

"முப்பதுல இருபது."

அவர் பேனா நின்றது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "எத்தனை தடவை, எத்தனை நாள்?" என்று மட்டும் கேட்டு, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். அதை அவர் என் வீட்டாரிடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ரத்தம் மாற்றி, நீல லைட்டின் கீழே கண்ணைக் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். மறுநாள் மத்தியானம் நர்ஸ் வெளியே வந்து, மூக்குக் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுக்கலாம், தாய்ப்பாலாக இருந்தால் நல்லது, யார் கொடுக்கிறீர்கள் என்றாள். எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. வராண்டாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நாத்தனார் எழுந்தார். நேராக நர்ஸிடம் போகாமல் என்னிடம் வந்தார். என் முன்னால் குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"குடுக்கட்டாமா? வேணாம்னியே நீ. இப்ப குடுத்தா முறை போயிடும். பரவால்லியா?"

என் பிள்ளை உள்ளே உயிருக்குக் கிடக்கிறாள், இந்த மனுஷி என்னிடம் அனுமதி கேட்கிறார். நான் சொன்ன பொய்க்கு அவ்வளவு மரியாதை. நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அன்றிலிருந்து பதினேழு நாள் அவர் பாலைத்தான் என் மகள் குடித்தாள். உடம்பு தேறியது. வீட்டுக்கு வந்தோம். எடை ஏறியது. தப்பித்தோம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம், நானும் நினைத்தேன்.

ஐந்து மாதம் இருக்கும். குக்கர் விசில் அடித்தது. தரையில் ஒன்றாகக் கிடந்த இரண்டு பிள்ளைகளில் அவர் மகன் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினான். என் மகள் ஃபேனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டாவது விசிலுக்குக் காத்திருந்தேன். மூன்றாவது விசிலுக்கும் காத்திருந்தேன். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மஞ்சள் மூளைக்கு ஏறும்போது காதைத்தான் பிடிக்கும் என்றார்கள். டெஸ்ட், மறுபடி டெஸ்ட், காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின். மெஷின் போட்டால் ஏதோ கேட்கிறது, எவ்வளவு என்று அவளைத்தான் கேட்க வேண்டும். பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள். எனக்கு லீவு கிடைக்காத நாட்களில் நாத்தனார்தான் பூந்தமல்லியிலிருந்து பஸ் மாறி மாறி வந்து கூட்டிப் போவார். உதட்டைக் குவித்து "பா, பா" என்று அவள் முன்னால் உட்கார்ந்து மணிக்கணக்காகச் சொல்வார்.

அவர் இன்னொன்றும் செய்தார். யார் வந்து கேட்டாலும், கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரி வராண்டாவில், பஸ்ஸில் பக்கத்து சீட்டில், எல்லோரிடமும் அதே கதையைச் சொன்னார். "எல்லாம் என் வாயாலதான். மருமவன்னு ஒரு வார்த்த சொல்லிட்டேன். அத நம்பி அந்தப் பொண்ணு என் பால வேணாம்னுச்சு. நான் அந்த வாய மூடிகினு இருந்திருந்தா கொழந்த இப்படி ஆயிருக்குமா?" கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். சிலர் அவரை ஒரு மாதிரி பார்ப்பார்கள். என் கணவர்கூட ஒரு தடவை "அந்தப் பேச்ச நீ எடுக்காமயே இருந்திருக்கலாம்கா," என்று சொல்லிவிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடத்துக்கு மேல் நான் துணி மடித்துக்கொண்டே இருந்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாத்தனார் என் மகளைக் குளிப்பாட்டி, உடுப்பு மாட்டி, ஹாலில் உட்கார வைத்திருந்தார். ஈரத் தலை காயட்டும் என்று மெஷினைக் கழற்றி டிவி மேசையில் வைத்திருந்தது. புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டுப் பெண் வந்தவள், மெஷினைப் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்று கேட்டாள். நாத்தனார் ஆரம்பித்தார். எல்லாம் என் வாயாலதான் என்று. அவள் உச்சுக் கொட்டிவிட்டுப் போகும் வரை பொறுத்திருந்தேன். கதவைச் சாத்தினேன்.

"நிறுத்துங்கக்கா! போதும்!" என்று கத்தினேன். "உங்க வாயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எனக்குப் பொறாமை. உங்களுக்கு அவ்வளவு வருது, எனக்கு வரல, அந்தப் பொறாமை. கல்யாணம் கில்யாணம் எல்லாம் பொய். நீங்க வாயடைச்சுப் போகணும்னு சொன்னேன். அது மட்டுமில்ல, பாட்டில்ல..."

"வெந்நி ஊத்தினே," என்றார் நாத்தனார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"பாத்தேன்மா. கதவு சரியாச் சாத்தல நீ. சனிக்கெழம காலைல பாத்தேன், மத்தியானம் பாத்தேன். பிளாஸ்க்க நான்தானே ரொப்பி வெச்சேன்?"

"பார்த்துட்டு சும்மாவா இருந்தீங்க?"

"நான் உன் நாத்தனாரு!" அவரும் கத்தினார். அவர் என்னிடம் குரலை உயர்த்தி நான் பார்த்ததே இல்லை. "இன்னா சொல்லிருப்பே? பொறந்த ஊட்டு உரிமைன்னு வந்துகினு வேவு பாக்கறா, என் புருஷங்கிட்ட போட்டுக் குடுக்கறான்னு சொல்லிருப்பே. பைய தூக்கிகினு போடின்னு பஸ் ஏத்தி விட்டிருப்பே. நான் போயிட்டா கொழந்தய யார் பாப்பா? உனக்குத் தெரியாம ஒரு பாலாடையாச்சும் குடுத்துடணும்னு கிண்ணத்துல புழிஞ்சு வெச்சிகினு ரெண்டு நாளும் உன் ரூம் வாசல்ல நின்னேன். நீ அசந்தா குடுக்கலாம்னு. நீ அசரவே இல்ல. தெகிரியமும் வர்ல. நாத்தனார் கொடும பண்ணான்னு ஒரு பேச்சு வந்துடுமோன்னு பயந்தேன். அன்னிக்கு வாயத் தொறக்காததுக்குத்தான் என் வாயாலன்னு சொல்லிகினு திரியறேன். வேற எதச் சொல்லிகினு திரிய?"

"கன்னத்துல ஒண்ணு விட்டிருக்கணும்! பிடுங்கிக் குடுத்திருக்கணும்!" நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். "நான் கத்தினா என்ன? கத்திட்டுப் போறேன்! ஏன்கா விட்டீங்க?"

"விட்டிருக்கணும்! நாலு விட்டிருக்கணும்!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நானும் ஓலமிட்டேன். கீழ் வீட்டில் யாரோ கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த அவர் மகன் எழுந்து ஓடி வந்து, எங்கள் இருவரையும் பார்த்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

என் மகள் எங்களிடமிருந்து நாலடி தூரத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரில் ஒரு பிளாஸ்டிக் கூடை. அதற்குள் இருந்த பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் நிற்க வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்று சாய்ந்தது. அதை நிமிர்த்தி வைத்துவிட்டு, அடுத்ததை எடுக்கக் கூடைக்குள் கையை விட்டாள்.